மண்வீட்டுக்கு மகளைக் கூட்டிப்போன நாள்

"அப்பா, இது அஞ்சாவது தடவ. அந்த கேட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

சுகந்தி இப்படிக் கேட்டபோது நான் ஒரு பழைய மண்வீட்டின் கூடத்தில், சுவரை ரசிப்பவனைப்போல நின்றிருந்தேன். உண்மையில் சன்னல் வழியாகப் பூங்காவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்கு வர வேண்டியவர்களை இன்னும் காணவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. வெயிலு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

"வெயிலு இங்கயும்தான் அடிக்கி. ஒரு இடத்துல நில்லுங்க. வாட்ச்மேன் உங்களையே பாக்காரு."

வாட்ச்மேன் பார்த்ததில் தப்பில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த அரை மணி நேரத்தில் நான் வீட்டைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக மூணாறுப் பக்கத்து மலையில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவன் நான். கையில் ஸ்டியரிங் இல்லாமல் ஒரு இடத்தில் இருக்கச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அன்றைக்கு அரித்ததற்குக் காரணம் வேறு. என் மகளை நான் பொய் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை லாரி வந்தது, யானை வந்தது, மண் சரிந்த பாதை வந்தது. வீட்டு விஷயம் எழுத மாட்டேன் என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தேன். அதனால் இந்த வாரக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள். ஒன்றை வெட்டிவிட்டேன்.

இரவல் நாற்காலிகள்

சுகந்திக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சின்னக்கானல் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை. மலையாளம், இங்கிலீஷ், இந்தி எல்லாம் பேசுவாள். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஜீப் ஏறிப் போவாள். அவள் அம்மா பார்வதி இருபத்தெட்டு வருஷம் இதே மலையில் கொழுந்து எடுத்தவள். தோள் இறங்கி, கை தூக்க முடியாமல் போய், சில வருஷங்களுக்கு முன்பு கண்ணை மூடினாள். படுக்கையில் கிடந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நம் மகள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகக் கூடாது. நானும் சரி என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருவது என்றால் லயத்து வீட்டுக்கு வர வேண்டும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. எந்த வீட்டிலும் இரண்டு நாற்காலிக்கு மேல் இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தால் ஆறு நாற்காலி இரவல் வாங்க வேண்டும். நாற்காலி வாங்கப் போனாலே லயம் முழுக்கச் சங்கதி தெரிந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போதுதான் கொடுமை. "என்ன சுகந்தி, என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். அஞ்சு முறை வந்தார்கள். அஞ்சு முறையும் அவளேதான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். வந்தவர்களில் ஒருவர் வயதைச் சொன்னார். ஒருவர் ரிசார்ட் வேலை ஆகாது என்றார். மற்ற மூன்று பேரும், சொந்த வீடு இல்லையா, கம்பெனி வீடுதானா என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அஞ்சாவது முறை நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு வந்து அவள் என் முன்னால் நின்றாள். "அப்பா, இனிமே என்னைய யாரு முன்னாடியும் நிப்பாட்டாதீங்க. மறுபடி நாற்காலி தூக்கச் சொன்னீங்கன்னா நான் கொச்சிக்குப் போயி ஹாஸ்டல்ல இருந்துக்கிடுவேன்" என்றாள். நான் அதற்கும் சரி என்றேன். சரி சொல்வதில் நான் எப்போதும் தாராளம்.

சாவி

ஆனால் எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மலையில் வீடு கம்பெனியுடையது. வேலை பார்க்கும்வரை இருக்கலாம். ஓய்வு பெற்றால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். குடும்பத்தில் இன்னொரு ஆள் அதே தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தால் மட்டும் வீடு தொடரும். நாங்கள் இருந்ததோ இரண்டே பேர். ஒருத்தி ரிசார்ட்டில்.

எனக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. ராத்திரி படுத்தால் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். நான் எங்கேயாவது ஒண்டிக்கொள்வேன். பார்வதி போன பிறகு எனக்கு எந்தக் கூரையும் ஒன்றுதான். இந்தப் பெண்ணை எங்கே விடுவது? நான் சாவியைக் கொடுக்கும் முன் அவளுக்கென்று ஒரு வீடு அமைந்துவிட வேண்டும். இதுதான் என்னைக் குடைந்த குடைச்சல்.

கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவிடம் புலம்பினேன். அக்கா ஒரு வாரத்தில் திட்டம் போட்டுவிட்டாள்.

பேர் கேட்கக் கூடாது

"இப்பல்லாம் ஊட்டுல வச்சுப் பொண்ணு பாக்கறதில்லடா தம்பி. கோயிலு, பார்க்குன்னு பொது எடத்துலதான். பாத்த மாதிரியும் இருக்கும், பாக்காத மாதிரியும் இருக்கும். புடிக்கலைன்னா யாருக்கும் தெரியாது."

அவள் சொன்ன இடம்தான் இந்தப் பண்ணை வீடு. வேலந்தாவளம் பக்கம், மாடு வைத்துப் பெரிய பண்ணையம் நடத்திய ஒரு குடும்பத்தின் பழைய மண்வீடு. பட்டிக்காரர் வீடு என்று சொல்கிறார்கள். வாரிசுகள் ஊர் ஊராகப் போன பிறகு வீட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் கேரள அரசாங்கம் எடுத்துப் பூங்கா ஆக்கியிருந்தது.

"ஒரு அம்மாவும் மகனும் வருவாங்க. பையனுக்கு நாப்பது இருக்கும். முன்தலை கொஞ்சம் ஏறினது. பதினோரு மணிக்குக் கட்டுத்தரைப் பக்கம் இருங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. பேரு கேக்கக் கூடாது. கல்யாணப் பேச்சை நீயா எடுக்கவே கூடாது. என்ன முடிவுன்னு அவங்க எனக்குச் சொல்லுவாங்க, நான் உனக்குச் சொல்றேன். உன் அவசரப் புத்தியை மலையிலயே வச்சுட்டு வா."

போட்டோ கேட்டேன். போட்டோ பார்த்துத்தான் அஞ்சும் விளங்காமல் போச்சு என்று மறுத்துவிட்டாள்.

சுகந்தியிடம், அத்தைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னேன். சின்னாறு வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சி போய், கொழிஞ்சாம்பாறை சேர்ந்தபோது அத்தை வாசலில் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை, போகும் வழியில் ஒரு பழைய வீடு இருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பழைய கட்டடங்கள் பிடிக்கும். அதனால் மறுக்கவில்லை.

பட்டிக்காரர் வீடு

வீடு நல்ல வீடு. அதைச் சொல்லாமல் போனால் பாவம். சுட்ட செங்கல் ஒன்றுகூட இல்லை. மண்ணைக் குழைத்து அச்சில் அடித்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் கட்டிய சுவர். சன்னல் திண்டில் என் முழங்கை வரை வைத்தும் விரல் வெளியே தெரியவில்லை, அவ்வளவு கனம். மேலே பனங்கைகள், அதற்கு மேல் நாட்டு ஓடு. வெளியே தோல் உரிகிற வெயில். உள்ளே கால் வைத்தால் எங்கள் மலைபோலக் குளிர்ந்தது.

வீட்டுக்குப் பின்னால் கட்டுத்தரை. மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடும் களம். கல்தொட்டிகளும் முளைக்கம்புகளும் அப்படியே இருந்தன. மாடுதான் இல்லை. அதற்குப் பதிலாக ஃபைபரில் இரண்டு காளைகளைச் செய்து நிறுத்தி, கொம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்பக்கம் ஊஞ்சல், சறுக்குமரம், ஐஸ்கிரீம் வண்டி. வயசானவர்கள் கையைக் காலை ஆட்டுவதற்கு இரும்பு எந்திரங்கள். அதில் ஒன்றில் ஏறி நானும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். ஆட்டினால் கேட் நன்றாகத் தெரிந்தது.

எல்லா அறையிலும் "தொடாதீர்" என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. சமையலறையில் அடுப்பு இருந்தது, சாம்பல் இல்லை. கட்டில் இருந்தது, கயிறு கட்டி யாரும் உட்கார முடியாதபடி செய்திருந்தார்கள். இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு ஆளும் குடியில்லை. சாயங்காலம் ஆனால் பூட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அங்கே எரிச்சல்தான் வந்தது. அங்கே ஒரு சின்ன அறை கிடைத்தால் என் பெண்ணும் நானும் பிழைத்துக்கொள்வோமே என்று நினைத்தேன். நினைத்தது வெட்கமாகவும் இருந்தது.

அம்மாவும் மகனும்

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டுத்தரைப் பக்கம் ஒரு அம்மாவும் ஒரு ஆளும் நின்றிருந்தார்கள். ஆளுக்கு நாற்பது இருக்கும். முன்தலை ஏறியிருந்தது. இவர்களேதான் என்று நினைத்துவிட்டேன். அந்த வயதில் முன்தலை ஏறாத ஆண்பிள்ளை அந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். நல்ல உயரம், நிமிர்ந்த முதுகு. வாட்ச்மேனை நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மேக்கால செவுத்தப் பாத்தீங்ளா? சிமிட்டி பூசி வச்சிருக்கறீங்க. மண்செவுரு மூச்சு உட வேண்டாமுங்ளா? உள்ளாற ஈரம் கட்டிப் பொதபொதன்னு ஆயிப்போச்சு. ரெண்டு மழைக்குத் தாங்காதுங்க. கீழ கொழந்தைங்க ஓடிட்டிருக்குதுங்க."

"நீங்க மூணாவது வாட்டி வர்றீங்க, எனக்குத் தெரியுமுங்க. நான் வாயில சொன்னாக் கேக்க மாட்டாங்க. அபேட்ச, அதான் மனு, எழுதிக் குடுங்க. மலையாளத்துல இருக்கோணும்" என்றார் வாட்ச்மேன்.

"எனக்குத் தமிழே தகராறு. இவன் கோயமுத்தூருலயே படிச்சவன்" என்று அந்த அம்மா மகனைக் காட்டினார்.

பக்கத்தில் நின்ற சுகந்தி, "நான் எழுதித் தரட்டுங்களா?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெரியாத மாதிரி நடிக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். இவள் உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் எவ்வளவு அழகாகப் பேச்சைத் தொடங்கிவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவர்கள் மூவரும் மேற்குச் சுவரிலேயே இருந்தார்கள். அந்த அம்மா பூச்சை விரலால் தட்டிக் காட்டுவார். எங்கே உள்ளே பொள்ளல் விழுந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். மகன் செல்போனில் படம் எடுப்பார். சுகந்தி கல்தொட்டி ஓரம் உட்கார்ந்து எழுதுவாள். நடுவில் மகன் ஏதோ சொன்னார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கையெழுத்தைப் பார்த்துவிட்டார்கள், அறிவைப் பார்த்துவிட்டார்கள், சிரிப்பையும் பார்த்துவிட்டார்கள் என்று நான் மனசுக்குள் டிக் அடித்துக்கொண்டே காளைகளைச் சுற்றி நடந்தேன்.

அந்த அம்மா என்னிடமும் பேசினார். "நான் இந்த ஊட்டுக்குத்தான் மருமகளா வந்தனுங்க. பதினேழு வயசு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு பெரிய இடமா? அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அக்காவுக்கு எப்போதுமே எதையும் மறைத்து வைத்துச் சொல்லித்தான் பழக்கம்.

"பெரிய பண்ணையமா இருந்திருக்குமே அம்மா. இப்ப பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்குமே."

"கஷ்டமா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வருசா வருசம் இந்தச் செவுரு முச்சூடும் மண்ணும் சாணியும் போட்டு வழிக்கோணும். அம்பது மாட்டுக்குச் சாணி அள்ளோணும். எப்படா இந்த ஊட்ட உட்டுப் போவம்னு இருந்தனுங்க. போயும் போயாச்சு. இப்ப அப்பார்ட்மென்ட்டுல இருக்கறேன், கொழாயத் தொறந்தா தண்ணி வருது. இது உளுந்தாலும் எனக்கொண்ணுமில்லைங்க. யாரு தலை மேலயும் உளுகக் கூடாது, அவ்வளவுதான்."

எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படி ஒரு மாமியார் கிடைத்தால் சுகந்தி பிழைத்துக்கொள்வாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

"உங்க புள்ள நல்ல புள்ளைங்க" என்றார் அவர். "கேட்ட ஒடனே உக்காந்து எழுதிருச்சு பாருங்க."

அவசரப் புத்தி

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பொள்ளாச்சி பஸ். அக்கா சொல்லியிருந்தாள், நீயாக வாயைத் திறக்காதே என்று. வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்காமல் ஏறுகிற டிரைவரை நான் எத்தனை திட்டியிருப்பேன். அன்றைக்கு நானே ஏறினேன்.

சுகந்தியும் அந்த மகனும் கிணற்றடியில் நின்றார்கள். நான் அந்த அம்மாவின் பக்கம் நெருங்கிக் குரலைத் தணித்தேன். குரலைத் தணித்ததாகத்தான் நினைத்தேன். லாரிக்காரன் குரல் எவ்வளவு தணியும்?

"அம்மா, மறைக்காமச் சொல்லிருதேன். புள்ளையப் பாத்துட்டீங்க, பேசியும் பாத்துட்டீங்க. எங்க கிட்ட சொந்த வீடு இல்ல. எனக்கு ரிட்டயர் ஆக மூணு மாசம் இருக்கு, அதுக்கு முன்னால இவளை ஒரு நல்ல கையில குடுத்துரணும். அது ஒண்ணுதான் எனக்கு. உங்க மகனுக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா பஸ் ஏறிருவேன்."

அந்த அம்மா என் வாயையே பார்த்தார்.

"ஏனுங்க, என்ற பையனுக்குங்ளா? அவனுக்குக் கல்யாணமாயி ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்களே. பெரியவ ஏழாவது படிக்கறா."

கிணற்றடியில் பேச்சு நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பாமலே சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்த அம்மாதான் முதலில் சுதாரித்தார். "அம்மிணி, உங்கப்பா மேல கோவிச்சுக்காதே. பெத்தவங்களுக்கு மனசு ஒரு நெலையில இருக்காது" என்றார்.

"நான் கோவப்படலங்க" என்றாள் சுகந்தி. "எங்கப்பாவுக்கு இந்த வெயிலு ஒத்துக்கிடாது." எழுதி முடித்த தாளின் கீழே அந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினாள். கீழே அந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினாள். வாட்ச்மேன் அதைப் படித்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்து மேற்குச் சுவர்ப் பக்கம் குறுக்கே கட்டினார்.

அந்த அம்மாவின் பேரை நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஊஞ்சல் பக்கத்துப் பெஞ்சு

கேட்டைத் தாண்டும்போது அக்காவின் போன் வந்தது. என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது.

"என்னடா தம்பி பண்ணி வச்சிருக்கறே? அவங்க பத்தே முக்காலுக்கே வந்து ஊஞ்சல்கிட்டப் பெஞ்சுல உக்காந்திருந்தாங்களாம். நீ வேற யாரோ ஒரு குடும்பத்தோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசறே. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்குப் பொண்ணு காட்டறாங்க, நம்மள வரச்சொல்லி அவமானப்படுத்திட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இன்னொண்ணும் கேட்டாங்கடா. பொண்ணோட அப்பாவுக்குக் காலுல ஏதாச்சும் வியாதியா, நிக்கவே மாட்டேங்கறாருன்னு."

ஊஞ்சல் பக்கத்துப் பெஞ்சில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருந்தேன். மகன் தொப்பி போட்டிருந்தார். தொப்பிக்கு அடியில் முன்தலை எப்படி என்று யாருக்குத் தெரியும்?

சுகந்தி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அத்தே, உடம்ப பாத்துக்கோங்க. நாங்க பஸ் ஏறிட்டு போன் பண்ணுதோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பொள்ளாச்சி வரை அவள் பேசவில்லை. உடுமலையில் இரண்டு டீ வாங்கினேன். குடித்தாள், பேசவில்லை. கொச்சிக்குத்தான் போகப்போகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நான் அவளுக்கு வீடு பார்க்கப் போய், இருந்த மகளையும் தொலைத்துவிட்டேன் என்று நினைத்ததும் என் டீயைப் பாதியில் கீழே ஊற்றினேன்.

சின்னாறு தாண்டி

மூணாறு பஸ்ஸில் எனக்கு சன்னல் ஓர சீட். அவள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து என்னை எழுந்திருக்க விடாமல் வழியை அடைத்துக்கொண்டாள். சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்று கிளம்பியது. முதல் வளைவு ஏறும்போது பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது. பஸ்ஸுல ஆளு இருக்கு."

"சொல்லும்மா."

"தோட்டத்துல பேரு பதிஞ்சுட்டேன். ஒண்ணாந்தேதியில இருந்து கொழுந்துக்குப் போறேன். ரிசார்ட்டுல சொல்லியாச்சு."

எனக்குக் காது அடைத்தது. மலை ஏறுவதால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"யாரக் கேட்டுப் பதிஞ்ச?"

"நீங்க யாரக் கேட்டு என்னைய இன்னைக்கிக் கூட்டிட்டு வந்தீங்க?"



"உங்கம்மாகிட்ட நான் வாக்குக் குடுத்தேன்ட்டி. கையைப் பிடிச்சுக் குடுத்தேன்."

"தெரியும். அம்மா இருந்தா நானே அம்மாகூட சண்ட போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப அம்மா இல்ல, நீங்கதான் இருக்கீங்க. சாவியைக் குடுத்துட்டு எங்க போவீங்க? அத்தை வீட்டுல போயி இருந்திருவீங்களா? பத்து நாள்ல அத்தையே கொண்டாந்து விட்டுருவாங்க." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "ராத்திரி பூரா நீங்க முழிச்சுக் கிடக்கது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சீங்களா? ஒரு சுவருதான் நடுவுல."

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆபீஸ்ல கேட்டுட்டேன். நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்கே வீடு என் பேருக்கு மாறிரும். நீங்க எங்கயும் போக வேண்டாம். ஆனா அது என் வீடு. அதுக்குள்ள யாரு வந்து உக்காரணும்னு நான்தான் சொல்லுவேன். சம்மதமா?"

சம்மதம் என்று தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஆள் இருக்கிறது என்று அவள் சொன்னதை நினைத்து அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் தன் துப்பட்டா நுனியை என் மடியில் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி வந்தது. எனக்கு வேலை இன்னும் பாக்கி இருந்ததால் வழக்கம்போல லாரியில் கொழுந்து ஏற்றப் போனேன். இப்போது கூடை கிடையாது. கத்தரியால் வெட்டிச் சாக்கில் கட்டுகிறார்கள். எடை போடும் இடத்தில் பெண்கள் வரிசையாகச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சுகந்தி நின்றாள். இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட், காலில் அவள் அம்மாவைப்போலவே ரப்பர் பூட்ஸ். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

டிரைவர் வண்டியை விட்டு இறங்குவது வழக்கமில்லை. சாக்கு ஏற்றுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இறங்கிப் போய் அவள் சாக்கைத் தூக்கினேன்.

"அப்பா, வச்சிட்டு வண்டிக்குப் போங்க" என்றாள் மெதுவாக. "எல்லாரும் பாக்காங்க."

சாக்கை வண்டியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு ஃபேக்டரி வரைக்கும் லாரியை அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். பின்னால் டூரிஸ்ட் ஜீப்புகள் வரிசையாகச் சேர்ந்து ஹாரன் அடித்தன. நான் வழி விடவில்லை.